பாயும் குதிரையும் பார்க்கும் கண்ணும்

நமது திருநாவலூரில் பிறந்த சுந்தரர் வெள்ளை யானையில் கயிலைக்குச் செல்ல, நண்பர் சேரமான் பெருமாள் குதிரையில் விரைகிறார். தஞ்சைப் பெரிய கோயிலில், கருவறையைச் சுற்றிய உட்சுற்றில் சோழர் கால ஓவியர்கள் தீட்டிய காட்சி இது. நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் மறைந்து கிடந்த சோழ ஓவியங்களை 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார்.

இங்கே ஓர் ஐயம் எழுகிறது. பாய்ந்தோடும் குதிரையின் கால்களைக் கண்ணால் பார்த்து வரைய முடியுமா?

நாலுகால் பாய்ச்சலில் குதிரை வினாடிக்கு இரண்டு முறைக்கு மேல் கால்களை வீசி முடிக்கிறது. நம் கண்ணிலோ ஒரு பிம்பம் ஏறத்தாழப் பத்தில் ஒரு வினாடி தங்கிவிடுகிறது. அதற்குள் குதிரையின் கால் தன் சுற்றில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கைக் கடந்துவிடும். பிம்பங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கலங்கிவிடுகின்றன.

ஆனால் முழுவதும் கலங்குவதில்லை. ஊசலைப் பாருங்கள். குண்டு நடுவில் விரைந்து, இரு முனைகளிலும் ஒரு கணம் நின்று திரும்புகிறது. உடலை வைத்துப் பார்த்தால் குதிரையின் காலும் அப்படித்தான். எனவே, முன்னும் பின்னும் முழுதாக நீண்ட நிலைகளே கண்ணில் நன்கு பதிகின்றன. பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1821-இல் தீட்டிய எப்சம் பந்தய ஓவியத்தில், குதிரைகள் நான்கு கால்களையும் நீட்டி அந்தரத்தில் மிதப்பது இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1878 ஜூன் 19 அன்று கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் மைபிரிட்ஜ் என்பவர் ஓடுபாதையோரம் 27 அங்குலத்துக்கு ஒன்றாகக் காமிராக்களை வைத்து, குறுக்கே நூல் கட்டினார். குதிரை நூலைத் தட்டத் தட்டப் படங்கள் பதிவாயின. அதன் வேகம் மைலுக்கு 100 வினாடி, அதாவது வினாடிக்கு 16 மீட்டர். 27 அங்குலம் 69 சென்டிமீட்டர். வகுத்துப் பாருங்கள், இரு படங்களுக்கு இடையே 0.04 வினாடிதான்! நான்கு குளம்புகளும் தரையை விட்டு எழுவது உண்மையே. ஆனால் கால்கள் நீண்டிருக்கும்போது அல்ல, வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கும்போது.

அப்படியானால் ஓவியர் தவறு, காமிரா சரி என்று தீர்ப்பளித்துவிடலாமா? அந்தப் படங்களில் ஒன்றைத் தனியே பாருங்கள். குதிரை உறைந்து நிற்கும். பந்தயக் குதிரைகளை விரும்பி வரைந்த தெகா இப்படங்களை ஆராய்ந்தவர்தான். ஆயினும், காமிரா தருவது ஒரு கணத்தை; கண் தருவதோ பல கணங்களின் கூட்டை.

தஞ்சை ஓவியருக்கு இன்னொரு நெருக்கடியும் இருந்தது. ஈரச் சுண்ணாம்புப் பூச்சு காய்வதற்குள் வண்ணம் தீட்டியாக வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கால்சியம் கார்பனேட்டாக இறுகும்போது வண்ணத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு திருத்துவது கடினம். தூரிகையும் விரைந்தே ஓடியிருக்க வேண்டும். ஒரு சலுகை மட்டும் உண்டு: சேரமானின் குதிரை செல்வது வான்வழி. எந்தக் குளம்பு தரையில் என்ற கேள்வியே அங்கு எழாது!

நூலில் கல்லைக் கட்டி வேகமாக ஆடவிட்டு, கல் எங்கே தெளிவாகத் தெரிகிறது, எங்கே கலங்குகிறது என்று நீங்களே பாருங்கள்.