எழுமுன் வெளியேறுவோம்!

மண்முனைத் துறையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும்வரை, மட்டக்களப்பு வாவியைக் கடக்க ‘பாதை’ எனும் மிதவையே நமக்குத் துணை. முன்னர் ஏறியவர் யாரென்று பாதை அறியாது. இணையத்தளத்தின் இயல்பும் அதுவே. ஒவ்வொரு முறையும் நாம் அதற்குப் புதியவரே.

இக்குறை நீங்க, 1994இல் நெற்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொன்டுல்லி ‘குக்கி’ என்னும் சிறு குறிப்பை வகுத்தார். கடவுச்சொல் கொடுத்து நுழைந்ததும், பிறர் ஊகிக்கவியலாத அடையாளமொன்றைத் தளம் நமது கணினியில் இடுகிறது. அதனாற்றான் ஆயிரம் பேர் ஒருங்கே வரினும் கணக்குகள் கலப்பதில்லை.

ஆயின், தளம் அறிவது அடையாளத்தையேயன்றி முகத்தையன்று. அண்ணன் வெளியேறாது எழுந்த கணினியில் தங்கை அமர்ந்தால், தளத்துக்கு அவளும் அண்ணனே! வீட்டில் இது வேடிக்கை. பலர் புழங்கும் நூலகத்திலோ பெருங்கேடு. சாளரத்தை மூடுதல் போதாது. ‘வெளியேறு’ என்பதை அழுத்திய பின்னரே நாம் எழுதல் வேண்டும்.