உங்களுக்குத் தெரியுமா? ‘எஸ்டேட்’ தோட்டம் மட்டுமல்ல!

நெகிரி செம்பிலானில், ரந்தாவ் முதல் லாபு வரை, ‘எஸ்டேட்’ என்றால் ரப்பர், செம்பனைத் தோட்டம்தான். ‘பிளாண்டேஷன் என்பதே சரியான ஆங்கிலம்’ என்று சிலர் திருத்துவார்கள். அந்தத் திருத்தம் தேவையில்லை. 40 ஹெக்டேருக்குக் குறையாத தொடர்ச்சியான விவசாய நிலத்தை மலேசியாவின் 1965 தேசிய நிலச் சட்டமே ‘எஸ்டேட் லேண்ட்’ என்கிறது. பிழை நேர்வது வாக்கியத்தில்தான்: ‘ஐ லிவ் இன் எஸ்டேட்’ தவறு, ‘ஐ லிவ் ஆன் அன் எஸ்டேட்’ என்பதே சரி. வக்கீல் கடிதத்தில் ‘தி எஸ்டேட் ஆஃப்’ என்பதை அடுத்து ஒருவர் பெயர் வந்தால், அங்கே தோட்டத்தைத் தேடாதீர்கள். மறைந்தவர் விட்டுச்சென்ற வீடு, நிலம், சேமிப்பு, கடன் எல்லாம் அதில் அடங்கும். இடத்துக்கேற்ற பொருளைப் புரிந்துகொண்ட பிறகே கையெழுத்திடுங்கள்.