கரையோரக் கிராமங்களில் டீசல் பிக்கப் வண்டிக்கு மாற்று வாட்டர் பம்ப் தெரிந்தெடுத்தல்

மன்னார் வளைகுடாக் கரையில், தூத்துக்குடி ஜில்லா விளாத்திகுளம் தாலுகாவைச் சேர்ந்த வேம்பார், முன்னாளில் முத்துக்குளிப்புக்குப் பேர்பெற்ற ஏழு கடற்றுறைகளுள் ஒன்று. தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. இப்பொழுது அவ்வூரையும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களையும் தாங்கி நிற்பவை மீனும், உப்பும், பனங்கருப்பட்டியும், உட்பகுதிக் கரிசல் நிலங்களில் விளையும் மிளகாய் முதலியவையுமேயாம். இச்சரக்குகளில் பெரும்பகுதி சிறு டீசல் வண்டிகளில் ஏறிச் சந்தைக்குச் செல்கிறது. ஜனங்கள் 'குட்டி யானை' என்று அழைக்கும் டாட்டா ஏஸ் 2005-இல் வெளிவந்தது. அசோக் லேலண்டு தோஸ்த் 2011-இல் வந்தது. மஹிந்திரா பிக்கப் வண்டிகளும் எங்கும் காணப்படுகின்றன. முன்பு ஜோடி மாடுகள் வைத்திருந்த குடும்பங்களில் பல, இன்று இவ்வண்டிகளுள் ஒன்றை வைத்திருக்கின்றன.

மாடு நோய்ப்பட்டால் தீனி தின்னாமையால் முன்னதாகவே தெரிந்துவிடும். இஞ்சினின் வாட்டர் பம்ப் கெடுவதோ அவ்வளவு எளிதில் தெரிவதில்லை. மிளகாய் மூட்டைகளோடு விருதுநகருக்குப் புறப்பட்ட வண்டி நடுவழியில் ஆவி கக்கி நின்ற பின்னரே அநேகர் வண்டியின் அடியில் குனிந்து பார்க்கிறார்கள். அதற்குள் சிலிண்டர் ஹெட் வளைந்துபோயிருக்கும். பம்பின் விலையைப்போல் பன்மடங்கு செலவு அதனால் நேரிடுகிறது. மீன் ஏற்றிய வண்டியாயின் சரக்கும் போயிற்று.

பட்டறைக்காரர்கள் 'வாட்டர் பாடி' என்றும் கூறும் இப்பம்ப், கிணற்றங்கரையில் விவசாயி அறிந்திருக்கும் சுழல் பம்பின் சிறு வடிவமேயன்றி வேறல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னை மாகாணத்தில் எண்ணெய் இஞ்சினையும் சுழல் பம்பையும் கொண்டு நீர் இறைக்கும் முறையைப் பரப்பினார். அக்காலந்தொட்டே இந்நாட்டு விவசாயிக்கு இவ்வியந்திரம் பழக்கமாயிற்று. கிணற்றுப் பம்ப் நீரை மேலே தூக்குகிறது. வண்டியின் பம்போ அதே நீரை இஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே ஓயாமல் சுற்றவிடுகிறது. எரிக்கப்படும் டீசலின் உஷ்ணத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இந்நீரே சுமந்து சென்று காற்றில் விடுகிறது. ஓட்டம் தளர்ந்தால் உஷ்ணம் இஞ்சினிலேயே தங்கும்.

பம்பினுள் கெடக்கூடிய உறுப்புக்கள் மூன்று: நீரைத் தள்ளும் இம்பெல்லர், தண்டைத் தாங்கும் பேரிங், நீர் பேரிங்கை அணுகாமல் தடுக்கும் சீல். இவற்றுள் சீலே முதலில் கெடுவது வழக்கம். கரியாலான ஒரு வளையம் பீங்கான் போன்ற கடினமான மற்றொரு வளையத்தின்மேல் உராய்ந்து சுழல்கிறது. அவ்விரண்டுக்குமிடையே பரவியிருக்கும் மெல்லிய நீர்ப்படலமே அதற்கு எண்ணெய். நீரில் மணலோ, துருவோ, உப்புக் கட்டியோ இருந்தால் அப்பளபளப்பு அரைபட்டுப்போகும். சீலைத் தாண்டி வரும் நீர் வெளியேறுவதற்காகப் பம்பின் அடிப்புறத்தில் ஒரு சிறு துவாரம் விடப்பட்டிருக்கிறது. புதுப் பம்பில் முதல் சில நாட்கள் அவ்விடத்தில் சற்று ஈரம் காண்பது குற்றமன்று. ஆனால் சொட்டுச் சொட்டாக ஒழுகினால் சீல் முடிந்தது என்று பொருள். சிலர் இத்துவாரத்தை எம்-ஸீல் வைத்து அடைத்துவிடுகிறார்கள். அடைபட்ட நீர் பேரிங்குக்குள் புகுந்து, அதன் கிரீஸைக் கழுவி, தண்டையே ஆடச் செய்கிறது. பல வண்டிகளில் முன்விசிறியும் அதே தண்டில் இருப்பதால், ஆடிய விசிறி ரேடியேட்டரைக் கிழித்துவிடவும் கூடும்.

வேம்பார்ப் பகுதியில் இவ்வுறுப்புக்கள் அடிக்கடி கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் பம்பில் இல்லை. அதனுள் ஓடும் தண்ணீரிலேயே இருக்கிறது. மன்னார் வளைகுடாவிலுள்ள 21 தீவுகளில் மூன்று, வேம்பார்த் தொகுதி எனப்படும். அவற்றுள் ஒன்றின் பெயர் உப்புத்தண்ணி, மற்றொன்றின் பெயர் நல்லதண்ணி. தீவுகளுக்குக்கூடத் தண்ணீரின் பெயர் வழங்கும் கரையில், ரேடியேட்டருக்கு மட்டும் எந்தத் தண்ணீரும் ஆகும் என்று எண்ணிவிடுவது விந்தையே.

இதனைக் கணக்கிட்டுப் பார்த்தல் நலம். பெரும் டீசல் இஞ்சின்களைச் செய்யும் கேட்டர்பில்லர் கம்பெனியார், இஞ்சினுக்கு ஊற்றும் நீரில் லிட்டருக்குக் குளோரைடு 40 மில்லிகிராமுக்கும், கடினத்தன்மை 170 மில்லிகிராமுக்கும், கரைந்துள்ள பொருள்கள் யாவும் சேர்ந்து 340 மில்லிகிராமுக்கும் மேற்படலாகாது என்று விதித்திருக்கிறார்கள். கடல் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 19 கிராம் குளோரைடு உண்டு. ஆகவே 475 லிட்டர் தூய நீரில் ஒரே ஒரு லிட்டர் கடல் நீர் கலந்தாலும் அவ்வெல்லை எட்டப்பட்டுவிடும். நாவுக்கு அந்தக் கரிப்புத் தெரியாது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரிலேயே 250 மில்லிகிராம் வரையிலும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1,000 மில்லிகிராம் வரையிலும் குளோரைடு இருக்கலாம். மனிதர் குடிக்கத் தக்க நீர் இஞ்சினுக்கும் தக்கதே என்று கொள்வதற்கில்லை என்பது இதனால் விளங்கும். கரையோரக் கிணற்று நீரைப்பற்றிச் சொல்லவேண்டுவதில்லை.

குளோரைடு அலுமினியத்தின் மேலுள்ள காப்புப் படலத்தைத் துளைத்துக் குழி குழியாக அரிக்கிறது. அலுமினியப் பம்ப் உடலும் வார்ப்பிரும்பு இஞ்சினும் ஒரே உப்பு நீரில் நனைந்திருந்தால் பாட்டரியில் நிகழ்வதுபோன்ற வினை நிகழ்ந்து அலுமினியம் கரையும். கடினநீரோ வேறு விதமான தீங்கு செய்கிறது. சோறு வடிக்கும் பானையின் உட்புறத்தில் படியும் வெண்மையான உப்புக் காறை, இஞ்சினின் மிகச் சூடான இடங்களில் படிகிறது. அக்காறை உஷ்ணத்தைக் கடத்தும் சக்தி இரும்பைவிட இருபது மடங்குக்கு மேல் குறைவு. உரிந்து விழும் காறைத் துணுக்குகள் சீலுக்குச் சென்று அதனை அரைக்கின்றன. இந்நீரை மாற்றாமல் எவ்வளவு விலையுயர்ந்த பம்பைப் பூட்டினாலும், அது பழைய பம்ப் சென்ற வழியிலேயே செல்லும்.

பம்பை மாற்றத் தீர்மானிக்குமுன், கெட்டது அதுதானா என்று நிச்சயித்துக்கொள்ள வேண்டும். இஞ்சின் ஆறிய பிறகு விசிறியையோ புல்லியையோ பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க, ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்ந்துள்ளது. துவாரத்தில் ஒழுகலோ, காய்ந்த வெண்மையான அல்லது பச்சை நிறக் கறையோ இருந்தால் சீல் கெட்டுள்ளது. இவையொன்றும் இல்லாமல் இஞ்சின் மட்டும் சூடேறினால், தளர்ந்த பெல்ட், அடைபட்ட ரேடியேட்டர், திறவாத தெர்மோஸ்டாட், வலுவிழந்த மூடி ஆகியவற்றை முதலில் பார்க்கலாம். மூடிதானே என்று அலட்சியம் செய்தலாகாது. அது உள்ளே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோகிராம் அழுத்தத்தைக் காப்பதால்தான் நீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 டிகிரி வரையில் தாங்குகிறது. அழுத்தம் இல்லாவிடில் இம்பெல்லரின் பின்புறத்தில் ஆவிக் குமிழிகள் தோன்றி உடைந்து உலோகத்தையே கொத்திவிடும். சூடான இஞ்சினில் மூடியைத் திறப்பது உயிருக்கே ஆபத்தானது.

வெப்ப நாட்டுக்குத் தெர்மோஸ்டாட் வேண்டியதில்லை என்று அதனைக் கழற்றி எறியும் வழக்கம் இங்கு மிகுதி. அது தவறு. இஞ்சின் தக்க சூட்டை அடையாமல் டீசலைக் கூடுதலாகக் குடிப்பதுடன், சிலவகை இஞ்சின்களில் நீர் ரேடியேட்டருக்குச் செல்லாமல் குறுக்கு வழியிலேயே சுற்றி, சூடு முன்னிலும் அதிகரிக்கும்.

இனி, பம்பைத் தெரிந்தெடுக்கும் விஷயம். கடைக்கு வண்டியின் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டு செல்வது போதாது. புகை விதிகள் 2017 ஏப்ரலிலும் 2020 ஏப்ரலிலும் நாடெங்கும் கடுமையாக்கப்பட்டபோது, அதே பெயருள்ள வண்டிகளுக்கு இஞ்சின்கள் மாறின. ஆகையால் பதிவுச் சான்றிதழையும், இஞ்சின் நம்பரையும், கழற்றிய பழைய பம்பையும் கொண்டுசெல்ல வேண்டும். பழைய பம்பைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வருகிறவர் தம்முடைய சாட்சியை விட்டுவிட்டு வழக்காடச் செல்கிறவரை ஒப்பர்.

கடையில் இரண்டையும் மேஜைமேல் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். போல்ட் துவாரங்கள் ஒன்றுதானா என்பதை யாரும் பார்ப்பார்கள். அவ்வளவில் நிறுத்திக்கொள்வதே பெரும்பாலோர் செய்யும் பிழை. பூட்டும் முகத்திலிருந்து புல்லி அமரும் இடம்வரை உள்ள உயரத்தை அளந்து ஒப்பிடுதல் அவசியம். இரண்டு மில்லிமீட்டர் வேறுபட்டாலும் பெல்ட் கோணலாக ஓடிப் பேரிங்கைத் தின்றுவிடும். அடுத்து, இம்பெல்லரின் இதழ்கள் எத்தனை, எப்பக்கம் வளைந்துள்ளன, எவ்வளவு உயரம் என்று பார்க்க வேண்டும். பெல்ட்டின் முதுகுப்புறத்தால் சுழற்றப்படும் பம்ப் எதிர்த்திசையில் சுழல்வதாகும். அதற்கு மற்றதைப் பூட்டினால் நீர் செவ்வையாக ஓடாது. வளைந்த இதழ்களோடு வார்க்கப்பட்டிருந்த இம்பெல்லருக்குப் பதிலாக, தகட்டை மடித்துத் தட்டையான இதழ்களோடு செய்ததைச் சிலர் மலிவாக விற்கின்றனர். வெறும் வண்டியில் இதன் குறை தெரியாது. பாரத்தோடு மேட்டில் ஏறும்போது தெரியும். பிளாஸ்டிக் இம்பெல்லர் என்றாலே மட்டம் என்று தள்ளவும் வேண்டாம். வண்டிக் கம்பெனியே அப்படிச் செய்திருந்தால் அது குறையன்று. துருப்பிடிக்காத நன்மையும் அதற்கு உண்டு. தண்டில் அது வழுக்காமல் இறுகியுள்ளதா என்பதே கவனிக்கத் தக்கது. கையால் சுழற்றினால் சற்றே இறுக்கமாகவும் ஒரே சீராகவும் சுழல வேண்டும். கரகரவென்ற உணர்ச்சி இருந்தால் வாங்கலாகாது.

கம்பெனியின் அசல் பம்ப், பெயர்பெற்ற உதிரிபாகக் கம்பெனியின் பம்ப், பெயரில்லாத மலிவுப் பம்ப், பழைய உடலுக்கே கிட் போட்டுத் தருவது என நால்வகை கடைத்தெருவில் கிடைக்கின்றன. முதலிரண்டில் எதுவாயினும் பில்லோடும் உத்தரவாதத்தோடும் வாங்கினால் போதுமானது; அசல் என்பதற்காக மட்டும் வெகு தூரம் அலைய வேண்டுவதில்லை. ஆனால் அசல் பெட்டியைப்போலவே அச்சிட்ட போலிகளும் உண்டாதலால், அங்கீகாரம் பெற்ற கடையே நல்லது. மூன்றாவது வகையின் விலை குறைவு, ஒரு பயணச் சரக்கு கெட்டால் ஈடாகாது. நான்காவது வகை, வார்ப்பிரும்பு உடலுள்ள பெரிய பம்புகளுக்குத் தேர்ந்த கடைசல் பட்டறையில் செய்தால் பயன் தரலாம். உப்பு நீரால் உட்புறம் குழிவிழுந்த அலுமினிய உடலுக்குக் கிட் போடுவது வீண். இம்பெல்லருக்கும் உடலுக்குமுள்ள இடைவெளி அகன்றுவிட்டபடியால் நீர் பின்னோக்கி வழுக்கும்.

சில இஞ்சின்களில் டைமிங் பெல்ட்டே பம்பைச் சுழற்றுகிறது. அவற்றில் பம்பும் பெல்ட்டும் ஒன்றாகவே மாற்றப்பட வேண்டும். பிரித்துச் சேர்க்கும் கூலி இருமுறை ஆவது ஒருபுறமிருக்க, பழைய பெல்ட் அறுந்தால் இஞ்சினே உடையும்.

புதுப் பம்பைப் பூட்டுமுன் பழைய நீரை முற்றும் வடித்து, நல்ல நீரால் தெளிவாக வரும்வரை கழுவுதல் வேண்டும். சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றும் பழைய வழக்கம் அலுமினிய உறுப்புக்களை அரிக்கும். ஒழுகலை நிறுத்த மஞ்சள்தூள் போடுவதும் அத்தகையதே; ஒழுகல் நிற்பதோடு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களும் அடைபடும். காஸ்கெட் புதிதாக இருக்கட்டும். பசையை அள்ளிப் பூசினால் அதன் இழைகள் உள்ளே அறுந்து சென்று அடைக்கும். நீர் நிரப்பாமல் இஞ்சினைச் சிறிது நேரமும் ஓட்டிப் பார்க்கலாகாது. உலர்ந்து சுழன்ற சீல் அப்பொழுதே கெட்டுவிடும். நிரப்பியபின் காற்றை வெளியேற்றி, ஆறவைத்து, மட்டத்தை மறுபடியும் பார்க்க வேண்டும்.

ஊற்றத் தக்கது, ஐ.எஸ். 5759 என்ற இந்தியத் தரத்துக்குட்பட்ட கூலன்ட். கலக்காத சரக்காக வாங்கினால், பாட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரோடு சரிபாதி கலந்துகொள்ளலாம். சிறு பிக்கப்புக்கு ஐந்து முதல் பத்து லிட்டர்வரை பிடிக்கும். இந்தச் செலவு பல மாதங்களுக்கு ஒருமுறையே நேர்வது. வழியில் நீர் குறைந்து வேறு கதியில்லாமல் கிணற்று நீரை ஊற்ற நேர்ந்தால், ஊர் திரும்பியவுடன் முழுவதையும் வடித்து மாற்றிவிட வேண்டும். தம் கிணற்று நீரின் தன்மையை அறிய விரும்புவோர் மண் ஆய்வுக் கூடத்தில் பாசன நீருக்காகச் செய்யும் சோதனையையே இதற்கும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பஞ்சாயத்து வண்டிகளுக்குப் பம்ப் வாங்கும் கிராம அதிகாரிகள், விலைப்புள்ளி கோரும்போது 'வாட்டர் பம்ப் ஒன்று' என்று மட்டும் எழுதினால் மலிவானதே வந்து சேரும். இஞ்சின் நம்பர், பாக நம்பர், உத்தரவாதக் காலம், புது காஸ்கெட், கூலன்ட் ஆகியவற்றைக் குறிப்பிடுவதோடு, பழைய பம்பைத் திருப்பித் தரவேண்டும் என்பதையும் எழுதுவது உசிதம்.

வடித்த பழைய கூலன்ட்டைத் திறந்த சட்டியில் வைத்தலும், களத்திலோ கிணற்றருகிலோ கொட்டுதலும் கூடா. அதிலுள்ள எதிலீன் கிளைக்கால் இனிப்பான விஷம். நாயும் ஆடும் விரும்பி நக்கும், நக்கியவை பிழைப்பது அரிது. மூடியுள்ள தகரத்தில் அடைத்து, பேர் எழுதி, பிள்ளைகளின் கைக்கெட்டாமல் வைத்திருந்து, பழைய எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் ஒப்படைக்க வேண்டும்.