மின்னலைக் கண்டு விதைத்தவர்

புரட்டாதி மாதத்தின் கடைசி நாட்களில், இரவு உணவு முடிந்தபின் முற்றத்திலே பாயை விரித்துப் படுத்திருந்தால், தென்கிழக்கு அடிவானத்தில் வெளிச்சம் எழுந்து எழுந்து மறைவதைக் காணலாம். ஓசை இராது. காற்றிலே ஈரமும் இராது. மன்னார்ப் பெருநிலப் பரப்பிலே பிறந்து வளர்ந்த எனக்கு, மழைக்காலம் என்பது இளமை தொட்டே முதலிற் கண்ணுக்கும், நெடுநாட் கழித்துத்தான் காதுக்கும், அதற்கும் பிந்தியே உடம்புக்கும் வந்து சேர்வதாக இருந்தது.

தமிழ் கற்பிக்கும் நம்மவர்க்கு இங்கே ஒரு சங்கடம் உண்டு. ஆவணியும் புரட்டாதியும் கார்காலம் என்று உரையாசிரியர் வகுத்ததை நாம் படிக்கிறோம். மாணவர்க்கும் அவ்வாறே சொல்லிக் கொடுக்கிறோம். மன்னாரிலோ ஆவணியில் எழுவது புழுதி. சிறு குளங்கள் அடிமண் வெடித்துக் கிடக்கும். நூல்கள் கூதிர் என்று கூறும் ஐப்பசி, கார்த்திகையே எமக்குக் கார். நான் ஆசிரியனாக இருந்த காலத்தில் ஒரு மாணவன் எழுந்து, "சேர், ஆவணியில எங்கை மழை பெய்யுது?" என்று கேட்டே விட்டான். வகுப்புச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்தக் கேள்விக்கு என் தந்தையார் ஒருமுறை ஆறு புசல் விதைநெல்லை விலையாகக் கொடுத்திருந்தார்.

அதைச் சொல்லுமுன் காற்றைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரையில் எங்கள் கரையில் வீசுவது சோழகம். அகராதிகள் அதனைத் தென்காற்று என்னும்; எம்மவர் தென்மேற்கிலிருந்து வருவதையும் அப்பெயராலேயே அழைப்பர். இந்து மாகடலின் நீராவியைச் சுமந்துவரும் இக்காற்று மத்திய மலைநாட்டில் மோதி மேலெழுந்து குளிர்கிறது. அதனால் வட்டவளைப் பகுதியில் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. மன்னாருக்கு ஆண்டு முழுவதிலும் கிடைப்பது ஏறக்குறைய 1000 மில்லிமீற்றர். அதிலும் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வருவது. காற்றைத் தூக்கி நிறுத்த எங்களிடம் ஒரு குன்றுகூட இல்லை. தீவின் தென்கரையில் 2020ஆம் ஆண்டின் இறுதியில் இயங்கத் தொடங்கிய 30 காற்றாலைகளுக்கு இச்சோழகம் பெருஞ்செல்வம்; உழவனுக்கு அது வெறுங்காற்று.

புரட்டாதி முடிவிலே சோழகம் தளரும். அப்போது உள்நாட்டு நிலம் பகலெல்லாம் காய்ந்து சூடேற, இரு கரையிலுமிருந்து கடற்காற்று உள்ளே புகுந்து, மலைச்சாரல்களில் ஏறி, பிற்பகலில் முகிற்கோபுரங்களாக எழும். மூன்று நான்கு மணிக்கு இடிக்கும்; இரவோடு ஓயும். மறுநாள் காலையில் வானம் தெளிந்திருக்கும். கடற்கரையில் இருக்கும் எங்களுக்கு அந்தக் கோபுரங்களின் இரவு வெளிச்சம் மட்டுமே பங்கு. மின்னலின் ஒளி இரவிலே நூறு மைலுக்கு அப்பாலும் தெரியும்; இடியோசை பத்துப் பன்னிரண்டு மைலைத் தாண்டுவது அரிது. ரிதிகல மலைப்பக்கத்தில் பெய்த நீர் 164 கிலோமீற்றர் நீளமுள்ள அருவியாற்றிலே இறங்கி, அநுராதபுரம் கடந்து, தேக்கம் அணையில் மறிக்கப்பட்டுக் கட்டுக்கரைக் குளத்துக்குத் திரும்பும். எஞ்சியது அரிப்பின் அருகே கடலிற் கலக்கும். மலையில் பெய்த மழையை நாங்கள் ஆறாகப் பெறுவோமேயன்றி மழையாகப் பெறுவதில்லை.

ஆற்றுநீரும் எல்லோர்க்கும் எட்டுவதன்று. குளத்து வாய்க்கால் ஏறாத மேட்டிலே எங்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரிக் காணி இருந்தது. நான் எட்டாம் வகுப்புப் படித்த ஆண்டு அது. மூன்று இரவுகள் தொடர்ந்து மின்னிற்று. நான்காம் நாட் பிற்பகல், வழக்கத்துக்கு மாறாக, இடி எங்கள் தலைக்கு மேலேயே வந்து முழங்கி, ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. தந்தையார் அன்றிரவே விதைமூட்டைகளை அவிழ்த்தார்.

"இன்னும் ஒரு மழை பாப்பமே" என்றார் தாயார்.

"மண் பதமாயிருக்கேக்கை விட்டிட்டு, பிறகு சேத்துக்கை நிண்டு அழுறதோ?" என்றார் அவர்.

ஏக்கருக்கு இரண்டு புசலாக ஆறு புசலும் விதைத்தாயிற்று. அதன்பின் பதினாறு நாட்கள் ஒரு துளி விழவில்லை. ஓய்ந்ததென்று நினைத்த சோழகம் மீண்டும் வீசிற்று. முளை ஊசியளவு தலைகாட்டி, பத்தாம் நாளில் நுனி மஞ்சளித்து, பிறகு தொட்டால் நொறுங்கிற்று. ஒவ்வொரு காலையும் தந்தையார் போய்ப் பெருவிரல் நகத்தால் மண்ணைக் கீறிப் பார்த்துவிட்டு, எவரோடும் பேசாமல் வந்து குந்துவார்.

மறுவிதைக்குப் பணம் கேட்க என்னையும் அழைத்துக்கொண்டு பேசாலைக்குப் போனார். தாயாரின் தங்கை, என் சின்னம்மா, அங்கே வாழ்க்கைப்பட்டிருந்தார். தீவின் வடகரையாகையால் சோழகக் காலத்திலே அங்கே கடல் அடங்கியிருக்கும்; மீன்பாடும் நன்றாயிருந்த வருடம். எங்கள் ஊரில் கொட்டிய அந்த ஒரு மணி நேர மழை தீவிலே விழவேயில்லை. கடற்கரை முழுதும் கருவாடு பரந்து கிடந்தது. சின்னம்மா எங்களைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாக, "வாங்கோ அத்தான்! இந்த வெயில் இன்னும் பத்து நாள் நிண்டால் போதும், மாதாவே!" என்றார்.

தந்தையார் தேநீரைக் குடித்து முடிக்கும்வரை வாய் திறக்கவில்லை. புறப்படும்போது படலையடியில் நின்றுதான் கேட்டார். சின்னம்மா உள்ளே போய்ச் சீலைத்தலைப்பில் முடிந்து கொண்டு வந்து கொடுத்தார். எங்கள் விதையைக் கருக்கிய வெயிலிலே காய்ந்த கருவாட்டின் காசு அது. அதனை வாங்கும்போது அவர் சின்னம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை என்பது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

ஐப்பசி பாதியில் வாடை திரும்பிற்று. வங்கக் கடலிலே தாழமுக்கம் உருவாகிப் பெய்கிற மழை வேறு வகை. அது பிற்பகலுக்கென்று காத்திராது, இரவென்று ஓயாது. இரண்டாம் விதை தப்பிற்று. அறுவடை கடனுக்குச் சரியாயிற்று.

அதன் பின்னர் தந்தையார் மின்னலைப் பார்ப்பதை விட்டார். கிழக்கு நோக்கி நிற்பார். இடக்கன்னத்திலே காற்றுப் படவேண்டும். அதுவும் மூன்று நாட்கள் விடாமற் படவேண்டும். இந்த விதி எப்போதும் பலித்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு வருடம் காத்திருந்து காத்திருந்து, வாடையோடு வந்த மழையிற் காணி சேறாகி, புழுதி விதைப்பே இல்லாமற் போயிற்று. அந்த வருடம் அவர் அழவில்லை, தாயார்தான் அழுதார்.

அக்காணியை இப்போது என் பெறாமகன் செய்கிறான். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தல் அவனது கைத்தொலைபேசிக்கே வந்துவிடுகிறது. தாழமுக்கத்தை அது நாட்கணக்கில் முன்கூட்டியே சொல்லிவிடும். பிற்பகல் இடிமழை எந்த வயலில் விழும், எந்த வயலைத் தாண்டும் என்பதை எவராலும் அவ்வாறு சொல்ல இயலாது. சென்ற புரட்டாதியில் ஓரிரவு அவன் என்னை அழைத்தான்.

"பெரியப்பா, நல்லா மின்னுது. விதைக்கவோ?"

"எந்தப் பக்கம்?"

"அநுராதபுரப் பக்கம்."

"இடி கேட்டதோ?"

"இல்லை."

"காத்து?"

"இன்னும் சோழகந்தான்."

பொறுக்கும்படி சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தான். உழவு இயந்திரத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டதை அதன் பிறகே சொன்னான்.