பழைய மடிக்கணினியில் அப்டேட் நின்றுவிட்டதா? ஃபார்மட் செய்வதற்கு முன் இவற்றைப் பாருங்கள்

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வசிக்கும் என் சின்னம்மா, இரண்டு ஆண்டுகளுக்கு முன் மகளின் படிப்புக்காக 650 ரிங்கிட்டுக்கு ஒரு மடிக்கணினி வாங்கினார். புதியது அல்ல. ஏதோ ஓர் அலுவலகத்தில் சில ஆண்டுகள் உழைத்து, பழுதுபார்க்கப்பட்டு, மீண்டும் விற்பனைக்கு வந்தது.

அண்மையில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். "தம்பி, இதைக் கொஞ்சம் பாருய்யா. மூணு நாளா முப்பத்தஞ்சுலேயே நிக்குது. கடையில கேட்டா ஃபார்மட் பண்ணணும், எண்பது வெள்ளி ஆகும்னு சொல்றாங்க" என்றார். விண்டோஸ் 10 அப்டேட் 35 விழுக்காட்டில் நின்றிருந்தது.

எண்பது வெள்ளியைவிடப் பெரிய கவலை தங்கச்சிக்கு. இந்த ஆண்டு அவள் எஸ்.பி.எம். எழுதுகிறாள். இரண்டு ஆண்டுப் பாடக் குறிப்புகளும் பள்ளி ஒப்படைப்புகளும் அந்தக் கணினியில்தான் இருந்தன. வேறெங்கும் நகல் இல்லை. நகல் எடுக்காமல் ஃபார்மட் செய்தால் அத்தனையும் போய்விடும்.

கடைசியில் ஃபார்மட் தேவைப்படவில்லை. கோளாறு இரண்டே விஷயங்களில் இருந்தது. கணினியில் இடம் இல்லை. அதோடு, இரவில் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போதே தங்கச்சி மூடியைச் சாத்திவிட்டுத் தூங்கப் போய்விடுவாள். மூடியதும் கணினியும் தூங்கிவிடும், பதிவிறக்கம் நின்றுவிடும்.

பல வீடுகளில் இதே நிலைதான். ஆகவே கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன், கீழே உள்ளவற்றை வரிசையாகப் பார்த்துவிடுங்கள்.

ஏன் இதை விட்டுவைக்கக்கூடாது?

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் நிறுத்திவிட்டது. வீட்டுப் பயனாளர்கள் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டுகளைத் தொடர்ந்து பெற ஒரு நீட்டிப்புத் திட்டம் உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, கணினியின் அமைப்புகளை அந்தக் கணக்கில் சேமிக்க ஒப்புக்கொண்டால் கட்டணம் இல்லை. வேண்டாம் என்றால் 30 அமெரிக்க டாலர் கட்டியும் சேரலாம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. திட்டத்தில் சேர, கணினியில் விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும். அண்மைய அப்டேட்டுகளும் ஏறியிருக்க வேண்டும். அப்டேட் பாதியில் நின்ற கணினிக்கு இந்தக் கதவு திறக்காமல் போகலாம். அதே கணினியில்தான் நாம் இணைய வங்கிக் கணக்கைத் திறக்கிறோம். தெரிந்த ஓட்டைகளை அடைக்காத கணினியில் வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டுவது, பூட்டு இல்லாத வீட்டில் நகையை வைப்பதற்குச் சமம்.

முதல் வேலை: நகல்

எதையும் தொடுவதற்கு முன், பிள்ளைகளின் பள்ளிக் கோப்புகளையும் குடும்பப் படங்களையும் ஒரு பென்டிரைவுக்கு மாற்றுங்கள். பிறகு அந்தப் பென்டிரைவைக் கழற்றிவிடுங்கள். அச்சு இயந்திரம் போன்ற மற்ற கருவிகளையும் கழற்றுங்கள். சில நேரம் அவையே அப்டேட்டுக்குத் தடையாக இருக்கும்.

இடம் இருக்கிறதா?

மறுவிற்பனைக்கு வரும் மடிக்கணினிகள் பலவற்றில் 128 ஜிபி சேமிப்பகம்தான் இருக்கும். சின்னம்மா வீட்டுக் கணினியில் மிச்சம் 3 ஜிபி. பெரிய அப்டேட் ஏற 20 ஜிபியாவது காலியாக இருப்பது நல்லது.

'செட்டிங்ஸ்' திறந்து 'சிஸ்டம்', அதில் 'ஸ்டோரேஜ்', பிறகு 'டெம்பரரி ஃபைல்ஸ்' செல்லுங்கள். தேவையற்ற கோப்புகளின் பட்டியல் வரும். அதில் 'டவுன்லோட்ஸ்' என்ற கட்டத்தை மட்டும் தேர்வு செய்யாதீர்கள். ஆசிரியர் அனுப்பிய பாடங்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மற்றவற்றை அழித்தோம், பழைய காணொளிகளையும் நகர்த்தினோம். 24 ஜிபி இடம் கிடைத்தது.

மின்சாரமும் மூடியும்

பழைய கணினியின் பேட்டரி பலவீனமாக இருக்கும். ஆகவே சார்ஜரைச் செருகியே வையுங்கள். 'பவர் அண்ட் ஸ்லீப்' பகுதியில், மின்சாரத்தில் இருக்கும்போது தூங்காதபடி 'நெவர்' என மாற்றுங்கள். மூடியைத் திறந்தே வையுங்கள்.

கணினி மறுதொடக்கமாகி விழுக்காடு காட்டும்போது பொறுமை தேவை. பழைய வகை ஹார்ட் டிஸ்க் என்றால் சில மணி நேரம்கூட ஆகலாம். டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். அந்த நேரத்தில் பொத்தானை அழுத்தி அணைத்தால், சின்னக் கோளாறு பெரிய கோளாறாகிவிடும்.

தேதி சரியா?

திரையின் வலது மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். உள்ளே இருக்கும் சிறிய பேட்டரி தீர்ந்துவிட்டால், ஒவ்வொரு முறையும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். தேதி தவறாக இருந்தால் மைக்ரோசாஃப்டின் சர்வருடன் பாதுகாப்பான தொடர்பு ஏற்படாது, அப்டேட்டும் வராது. 'டேட் அண்ட் டைம்' பகுதியில் 'சிங்க் நௌ' அழுத்துங்கள். மறுபடியும் மாறினால் அந்தச் சிறிய பேட்டரியை மாற்றச் சொல்லுங்கள்.

கைப்பேசி ஹாட்ஸ்பாட்டா?

தோட்டப்புறங்களில் பலரும் கைப்பேசி டேட்டாவையே நம்பியிருக்கிறார்கள். வைஃபை அமைப்பில் 'மீட்டர்ட் கனெக்‌ஷன்' இயக்கத்தில் இருந்தால், டேட்டாவை மிச்சப்படுத்த விண்டோஸ் பல அப்டேட்டுகளை இறக்காது. வரம்பில்லாத இணைப்பு உள்ள உறவினர் வீட்டிலோ நூலகத்திலோ அதை நிறுத்திவிட்டு இறக்கிக்கொள்ளலாம்.

முந்தைய முதலாளியின் பூட்டு

அலுவலகத்திலிருந்து வந்த கணினிகளுக்கே உரிய கோளாறு இது. விண்டோஸ் அப்டேட் பக்கத்தில், சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்ற பொருளில் ஒரு வரி தெரிகிறதா? அப்படியானால் அந்தக் கணினி இன்னமும் பழைய அலுவலகத்தின் சர்வரிடமிருந்து அப்டேட்டை எதிர்பார்த்துக் காத்திருக்கலாம்.

'அக்கவுண்ட்ஸ்' பகுதியில் 'அக்சஸ் வொர்க் ஆர் ஸ்கூல்' திறந்து பாருங்கள். தெரியாத நிறுவனத்தின் பெயர் இருந்தால் விற்றவரிடம் சொல்லி நீக்கச் செய்யுங்கள். பிள்ளையின் பள்ளிக் கணக்கு என்றால் அதைத் தொடாதீர்கள். நிறுவனப் பூட்டு நீங்கவில்லை என்றால், கணினியை மாற்றித் தரும்படி கேட்பதே நியாயம். நிறுவனத்தின் பிடியில் உள்ள கணினி, வீட்டுப் பயனாளர்களுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் சேராது.

இன்னமும் நகரவில்லையா?

'டிரபிள்ஷூட்' பகுதியில் விண்டோஸ் அப்டேட்டுக்கான சோதனையை ஓடவிடுங்கள். பயன் இல்லையென்றால், பாதி இறங்கிய கோப்பு பழுதாகியிருக்கலாம். தேடல் பெட்டியில் 'சர்வீசஸ்' என்று தட்டித் திறந்து, 'விண்டோஸ் அப்டேட்', 'பேக்கிரவுண்ட் இன்டெலிஜென்ட் டிரான்ஸ்ஃபர் சர்வீஸ்' இரண்டையும் நிறுத்துங்கள். பிறகு சி டிரைவில் 'விண்டோஸ்', அதனுள் 'சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன்', அதனுள் 'டவுன்லோட்' கோப்புறைக்குப் போங்கள். உள்ளே இருப்பவற்றை மட்டும் அழித்துவிட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். அப்டேட் புதிதாக இறங்கத் தொடங்கும். இது உங்கள் சொந்தக் கோப்புகளைத் தொடாது.

இத்தனைக்கும் பிறகு நகரவில்லை என்றால்தான் ஃபார்மட். நகல் கையில் இருப்பதால் அப்போதும் பயமில்லை.

விண்டோஸ் 11 ஏறுமா?

இன்டெல் செயலி என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறையாவது இருக்க வேண்டும். டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு, 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பகம் ஆகியவையும் தேவை. 'அபவுட்' பக்கத்தில் செயலியின் பெயரைப் பாருங்கள். ஐ5 என்பதற்குப் பின் வரும் நான்கு இலக்க எண் 6 என்று தொடங்கினால் அது 6ஆம் தலைமுறை. அதிகாரபூர்வமாக விண்டோஸ் 11 ஏறாது. இனி மறுவிற்பனைக் கணினி வாங்குவோர், விலை பேசும் முன் இந்த எண்ணைப் பார்ப்பது நல்லது.

சின்னம்மா வீட்டுக் கணினி அந்த 6ஆம் தலைமுறைதான். இரவு முழுவதும் மூடி திறந்தே இருந்தது. காலையில் பார்த்தபோது அப்டேட் ஏறியிருந்தது. நீட்டிப்புத் திட்டத்தில் சேரும் இணைப்பும் தெரிந்தது. சிறார் கணக்கில் அதில் சேர முடியாது என்பதால் சின்னம்மா பெயரில் கணக்குத் திறந்து சேர்த்தோம். தங்கச்சியின் தேர்வுவரை கணினி தாங்கும். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று யோசிக்க இப்போது அவகாசம் இருக்கிறது.

கடைக்குப் போக வேண்டிய எண்பது வெள்ளியில் ஒரு பகுதிக்குப் புதிய பென்டிரைவ் வாங்கினார் சின்னம்மா. ஞாயிற்றுக்கிழமைதோறும் அதில் நகல் எடுப்பது தங்கச்சியின் பொறுப்பு.