எந்தப் படத்து வசனம்?

வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஒரு வீட்டில் கூடும்போது, விருந்து முடிந்தபின் எஞ்சும் இரண்டு மணி நேரத்தை எவ்வாறு கழிப்பது என்பது சிறிய வினாவன்று. பெரியோர் கூடத்தில் அமர்ந்து ஊர்க்கதை பேசுவர். பிள்ளைகள் அடுத்த அறையில் இந்தியிலோ மராத்தியிலோ வங்காளத்திலோ விளையாடிக் கொண்டிருப்பர். இவ்விரு சாராரையும் ஒரே விரிப்பில் அமர்த்தக்கூடிய விளையாட்டு ஒன்றுண்டு. ஒருவர் திரைப்பட வசனம் ஒன்றைச் சொல்ல, மற்றவர் அது எந்தப் படத்தில் வருவது என்று கண்டுபிடிப்பதே அது.

வடநாட்டில் அந்தாட்சரி பெருவழக்கு. ஆனால் பாடக் கூசுகிறவர் அதில் ஒதுங்கிவிடுவார். சைகை காட்டிப் படப் பெயரைக் கண்டுபிடிக்கும் விளையாட்டோ வாயைப் பூட்டிவிடுகிறது. வசன விளையாட்டில் தமிழைச் சொல்லியாக வேண்டும், காது கொடுத்துக் கேட்டாக வேண்டும். மற்ற இரண்டினும் இதனை நாம் மேலாகக் கருதுவது இதனாலேயே.

தமிழின் முதற் பேசும் படமாகிய 'காளிதாஸ்' 1931-ஆம் ஆண்டில் பம்பாயில் எடுக்கப்பெற்றது என்பதை அந்நகரத் தமிழர் நினைவிற் கொள்ளலாம். ஆயினும் அக்காலப் படங்களிலிருந்து இவ்விளையாட்டுக்குச் சரக்குக் கிடைப்பது அரிது. அவை பாட்டுக்களால் நிரம்பியவை. பேச்சு, ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் இடையே பாலமாக நின்றது. 1949-இல் வெளிவந்த 'வேலைக்காரி', 1952-இல் வெளிவந்த 'பராசக்தி' ஆகியவற்றுக்குப் பின்னரே வசனத்துக்காகப் படம் பார்க்கும் வழக்கம் வலுப்பெற்றது. கதை வசனப் புத்தகங்கள் விலைக்கு வந்தன. வானொலி நிலையங்கள் படத்தின் ஒலியை மட்டும் சுருக்கி 'ஒலிச்சித்திரம்' என்ற பெயரில் ஒலிபரப்பின. கோயில் விழாக்களில் ஒலிபெருக்கி 'திருவிளையாடல்' வசனத்தை ஊர் முழுவதற்கும் கேட்கச் செய்தது. படத்தைக் காணாமலே வசனத்தை மனப்பாடமாகச் சொல்லும் ஒரு தலைமுறை இப்படித்தான் உருவாயிற்று. அத்தலைமுறையினரே இன்று நம் இல்லங்களில் தாத்தாவாகவும் பாட்டியாகவும் அமர்ந்திருக்கின்றனர்.

ஒரு வசனம் எவ்வளவு தாங்கி வருகிறது என்பதற்கு ஒன்றைச் சொல்வோம். 1959-இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தில், சக்தி டி. கே. கிருஷ்ணசாமி எழுதி, சிவாஜி கணேசன் பேசிய வரி பற்றிய வசனத்தை அறியாத தமிழர் குறைவு. "வரி, வட்டி, திறை, கிஸ்தி" என்று நான்கு சொற்கள் அதில் அடுத்தடுத்து வருகின்றன. தில்லியில் வளரும் பிள்ளைக்கு இவற்றுள் முதலில் விளங்குவது எது? கிஸ்திதான்! பொருளைத் தவணையில் வாங்குவதைப் பற்றி அக்கம்பக்கத்தார் 'கிஸ்த்' என்று பேசுவதை அப்பிள்ளை நாள்தோறும் கேட்கிறது. வடக்கே வழங்கும் அந்தச் சொல்லே தமிழ்நாட்டில் நிலவரித் தவணைக்குப் பெயராயிற்று. 'திறை' என்பதற்குக் கப்பம் என்று பொருள் என்பதைத் தாத்தாதான் சொல்ல வேண்டும். பேரனுக்கு ஒரு சொல், தாத்தாவுக்கு ஒரு சொல் என்று இருவருக்கும் அங்கே வேலை இருக்கிறது. அதே வசனத்தில், எம்குலப் பெண்களுக்கு மஞ்சள் அரைத்துக் கொடுத்தாயா என்ற வினா எழுவதேன் என்று பிள்ளை கேட்டால், மாமன் மச்சான் உறவுமுறை முழுவதையுமே விளக்க வேண்டிவரும். விளையாட்டு அங்கே சற்று நிற்கும். நிற்கட்டும், அதனால் நஷ்டமில்லை.

இனி, ஆடும் முறை. எட்டுப் பேர் முதல் பன்னிரண்டு பேர் வரை இருந்தால் நன்று. இரு கட்சிகளாகப் பிரியும்போது முதியோர் ஒருபுறம், இளையோர் ஒருபுறம் என்று ஒருபோதும் பிரித்தல் கூடாது. அப்படிப் பிரித்தால், 1965-க்கு முந்திய படங்கள் ஒரு கட்சிக்கும், 2005-க்குப் பிந்தியவை மற்றதற்கும் உரிமையாகிவிடும். விளையாட்டு வழக்காக முடியும். ஒவ்வொரு கட்சியிலும் மூன்று தலைமுறையினரும் கலந்திருத்தல் வேண்டும். வசனத்தைச் சொல்பவர் நடிகரின் குரலைப் போலி செய்யாது, செய்தி வாசிப்பது போலச் சமமான குரலில் சொல்ல வேண்டும். "நான் ஒரு தடவை சொன்னா நூறு தடவை சொன்ன மாதிரி" என்பதை ரஜினிகாந்தின் குரலில் சொல்லிவிட்டால், 1995-இல் வந்த 'பாட்சா' என்பதை அறியாதார் யார்? குரலின்றிச் சொல்லும்போதுதான் சொற்கள் மட்டும் நின்று காதைச் சோதிக்கும். விடை வராதபோது, பாதி மதிப்பெண்ணுக்கு நடித்துக் காட்டலாம்.

படப் பெயரோடு நிறுத்தாமல், அதனைச் சொன்னவர் யார், யாரிடம், எந்தச் சூழலில் என்றும் கேட்பதே இவ்விளையாட்டின் உயிர். "நீங்க நல்லவரா, கெட்டவரா?" என்றவுடன் 1987-இல் வந்த 'நாயகன்' என்று பலரும் சொல்லிவிடுவர். அது வேலு நாயக்கரை அவருடைய பேரன் கேட்பது என்பதையும், அதற்கு அவர் தெரியவில்லை என்றே விடை கூறுவதையும் நினைவுகூர்பவர் சிலரே. பம்பாய்க்குப் பிழைக்க வந்த தமிழரின் கதையாதலால், அந்நகரத்துக் கூட்டங்களில் இந்த ஒரு வசனம் அரைமணி நேரப் பேச்சுக்கு இடமளித்துவிடும்.

நினைவு ஏமாற்றும் என்பதையும் மனத்திற் கொள்ள வேண்டும். 1975-இல் வந்த 'ஷோலே' இந்திப் படத்தில், வந்தவர்கள் எத்தனை பேர் என்று கப்பர் சிங் கேட்பது சாம்பாவிடம் என்று பலர் அடித்துச் சொல்வர். அவன் கேட்பது காலியாவிடம். பாறைமேல் அமர்ந்திருக்கும் சாம்பாவிடம் கேட்பது, சர்க்கார் தன் தலைக்கு வைத்துள்ள பரிசு எவ்வளவு என்பதை. இரண்டு வசனங்களும் மக்கள் வாயில் ஒன்றாகிவிட்டன. இத்தகைய தகராறு எழுந்தால், படத்தையே போட்டுப் பார்த்துத் தீர்க்கலாம். ஆனால் விளையாட்டு முடிந்த பிறகு. நடுவில் கைபேசியை எடுக்க ஒருவருக்கு இடங்கொடுத்தால் எல்லாருடைய கையிலும் அது ஏறிவிடும்.

வசனங்களைத் தேர்ந்தெடுப்பவர் வட்டார வழக்கை மறத்தலாகாது. 'சதி லீலாவதி'யில் (1995) கோவைத் தமிழ், 'தெனாலி'யில் (2000) யாழ்ப்பாணத் தமிழ், 'மைக்கேல் மதன காமராஜ'னில் (1990) சமையற்காரர் காமேசுவரன் பேசும் பாலக்காட்டுத் தமிழ் என்று எத்தனை வகை! தன் வீட்டுத் தமிழ் ஒன்றையே தமிழ் என்று எண்ணி வளரும் பிள்ளைகளுக்கு, இவை பாடநூல் தர இயலாத ஒரு செவிப் பயிற்சி. தமிழ் அதிகம் தெரியாத பிள்ளையையும் வெளியே நிறுத்த வேண்டியதில்லை. 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழக் காட்சியில், இன்னொன்று எங்கே என்று கேட்டவரிடம் இருக்கும் பழத்தையே காட்டி "அந்த இன்னொண்ணுதாண்ணே இது" என்கிறார் செந்தில். இதற்கு அகராதி வேண்டுமோ?

எனினும் நகைச்சுவை வசனங்களுள் பல, ஒருவருடைய நிறத்தையும் உடலையும் பழிப்பவை. திரையரங்கில் சிரித்தோம் என்பது உண்மையே. ஆனால் சிறு கூடத்தில், அதே நிறமும் உடலும் உடைய பிள்ளை எதிரே அமர்ந்திருக்கும்போது அவற்றைச் சொல்வது அழகன்று. சீட்டுகளை எழுதும்போதே அவற்றை நீக்கிவிடுதல் நலம்.

அண்டை வீட்டார் வந்திருந்தால், கடைசிச் சுற்றை அவர்களுடைய மொழிக்கு விட்டுவிடலாம். இந்திப் பட வசனங்களில் நம் பிள்ளைகள் தேர்ந்தவர்கள். அச்சுற்றில் பெரியோர் திணற, பிள்ளைகள் சந்து பார்த்துக் காதில் விடை ஓதுவர். ஒரு கட்சிக்குப் பதினைந்து வசனம் போதும். அதற்குமேல் போனால், கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் எழுந்து விடைபெறத் தொடங்கிவிடுவர்.