34 ரூபாய்க்கு எவ்வளவு பாலைவனம்?

செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்' 2010 பொங்கலுக்கு, ஜனவரி 14 அன்று வந்தது. செலவு 32 கோடி ரூபாய் என்று அப்போது பேசப்பட்டது. ஓடும் நேரம் சுமார் 180 நிமிடம். வகுத்துப் பார்த்தால் நிமிடத்துக்கு 17 லட்சத்து 78 ஆயிரம் ரூபாய். 1999-இல் வந்த ஹாலிவுட் 'மம்மி'க்கு 8 கோடி டாலர் ஆனது. டாலர் 43 ரூபாய் விற்ற நேரம் அது. ஆக 344 கோடி ரூபாய், 125 நிமிடம், நிமிடத்துக்கு 2 கோடியே 75 லட்சம். 'மம்மி' மொராக்கோ மணலில் எடுத்தது, மற்றது ராஜஸ்தான் மணலில். இரண்டிலும் மாந்திரீகம் உண்டு, புதையுண்ட ஊர் உண்டு. நிமிடச் செலவில் மட்டும் பதினைந்து மடங்கு வித்தியாசம்.

இவ்வளவு பணம் கொட்டி எடுத்த மணல், கூடங்குளத்தில் ஒரு வீட்டு டிவிக்கு வரும்போது எவ்வளவு மிஞ்சியது என்பதுதான் இங்கே கணக்கு. இந்தப் பக்கத்து ஆட்களிடம் மணலைப் பற்றிப் புளுக முடியாது. இட்டமொழித் தேரி, குதிரைமொழித் தேரி என்ற மணல்மேடுகளைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஆடிக்காற்றில் செம்மணல் எப்படி எழும், எப்படி இடம் மாறும் என்று அவர்களுக்குத் தெரியும்.

முதலில் கேசட். டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்துப் பார்த்த காலத்து விஎச்எஸ் நாடா, நம் ஊர் முறையில் நொடிக்கு 2.339 சென்டிமீட்டர் ஓடும். 180 நிமிடப் படத்துக்கு 252 மீட்டருக்கு மேல் நாடா வேண்டும். 'மம்மி' 1999 செப்டம்பர் 28-இல் வீட்டு வீடியோவாக வந்து, அந்த ஆண்டில் 70 லட்சம் கேசட்டும் 10 லட்சம் டிவிடியும் விற்றது. அமெரிக்க முறையில் நாடா இன்னும் வேகமாக ஓடும் என்பதால் அந்த 125 நிமிடத்துக்கே 250 மீட்டர். பெருக்கினால் 17 லட்சத்து 50 ஆயிரம் கிலோமீட்டர் நாடா. நிலாவுக்கு உள்ள தூரத்தைப் போல நாலரை மடங்கு!

நம்மூரில் கேசட்டை ஒழித்தது விசிடி. 352-க்கு 288 புள்ளி. ஒலியும் படமும் சேர்த்து நொடிக்கு சுமார் 13 லட்சத்து 94 ஆயிரம் பிட். ஒரு தட்டில் 74 நிமிடம். 'மம்மி'க்கு இரண்டு தட்டு, 'ஆயிரத்தில் ஒருவ'னுக்கு மூன்று. டிவிடியில் 720-க்கு 576 புள்ளி, அதாவது விசிடியைப் போல நான்கு மடங்கு. 4.7 ஜிபி தட்டில் 180 நிமிடப் படம் ஒன்றை மட்டும் வைத்தால் நொடிக்கு 34 லட்சத்து 80 ஆயிரம் பிட் கிடைக்கும்.

விலைக்கு வருவோம். 2007 வாக்கில் மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் இறக்கியது. ஆறு ரூபாய் கூடக் கொடுத்தால் இரண்டரை மடங்கு பிட், நான்கு மடங்கு புள்ளி. இதைவிட மலிவாகப் பாலைவனம் இந்தக் கடலோரத்துக்கு வந்ததில்லை.

ஆனால் நடைபாதையில் ஓடியது திருட்டுச் சரக்கு. 'த்ரீ இன் ஒன்': ஒரே டிவிடியில் மூன்று படம். படத்துக்கு 150 நிமிடம் என்றால் மொத்தம் 450 நிமிடம். அதே 4.7 ஜிபியை அதில் பங்கு போட்டால் நொடிக்கு 13 லட்சத்து 93 ஆயிரம் பிட்தான். விசிடியின் அளவேதான்! அதுவும் நான்கு மடங்கு புள்ளிக்கு நிரவ வேண்டியது. ஒரு படம் உள்ள டிவிடியில் ஒரு காட்சிச் சட்டத்தின் 100 புள்ளிக்கு 34 பிட் என்றால் இதில் 13.

வசனக் காட்சியில் இது கண்ணுக்குப் படாது. சுவரும் முகமும் அசையாமல் இருக்கும், போன சட்டத்தில் இருந்ததையே திரும்பக் காட்டிவிடலாம். மணலில் அந்த வேலை நடக்காது. ஒவ்வொரு துகளும் சட்டத்துக்குச் சட்டம் இடம் மாறும், பிட் போதாமல் படம் கட்டம் கட்டமாக உடையும். 'ஆயிரத்தில் ஒருவ'னில் ஒரு காட்சி: பாலைவனத்தில் நடராஜர் நிழல் விழுகிறது. நிழலுக்குள் ஓடுகிறவர் பிழைக்கிறார், வெளியே நின்றவரை மணல் விழுங்குகிறது. அந்தக் காட்சிக்கு நிழலின் விளிம்புதான் உயிர். மட்டமான தட்டில் முதலில் சிதைவதும் விளிம்புதான். யார் உள்ளே, யார் வெளியே என்று தெரியாவிட்டால் பயம் எங்கிருந்து வரும்?

திருட்டு வீடியோக்காரர்களைத் தமிழ்நாடு 2004-இல் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. காப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் வரை அபராதம். அதற்குப் பிறகும் 'த்ரீ இன் ஒன்' விற்றது. 2015-இல் இயக்குநர் சேரன் 'ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை'யை 50 ரூபாய் டிவிடியாக நேரே வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தார். அதற்குள் காலம் கடந்திருந்தது.

அடுத்த செலவு மின்சாரம். அரசு 2006 முதல் கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சிகள் ஒன்றரைக் கோடிக்கு மேல். டிவி, பிளேயர், ஒரு குழல்விளக்கு சேர்த்து 100 வாட் என்று வைப்போம். (பேய் வரும் படத்துக்கு விளக்கை அணைக்க எல்லா வீட்டிலும் ஒப்ப மாட்டார்கள்.) மூன்று மணி நேரத்துக்கு 0.3 யூனிட். கூடங்குளத்து அணு உலை ஒன்றின் திறன் 1,000 மெகாவாட். கணக்குப்படி ஒரே நேரத்தில் ஒரு கோடி வீட்டில் படம் ஓடலாம். முதல் உலை மின்தொகுப்பில் இணைந்தது 2013 அக்டோபர் 22-இல். அதற்கு முந்தைய ஆண்டு சென்னைக்கு வெளியே மின்வெட்டு நாளைக்குப் பத்து மணி நேரத்தையும் தாண்டியது. ஒரு மணி நேரம் கரண்ட், ஒரு மணி நேரம் கட் என்றால் 180 நிமிடப் படம் முடிய ஐந்து மணி நேரம். விசிடித் தட்டோ 74 நிமிடம். 74 நிமிடமும் நிறைந்த எந்தத் தட்டும் கரண்ட் இருக்கும்போது முழுதாக ஓடி முடியாது.

இப்போது எல்லாம் கைப்பேசியில். சாதாரணத் தரத்தில் மணிக்கு 1 ஜிபி வரை போகும், உயர்தரத்தில் 3 ஜிபி வரை. நாளைக்கு 1.5 ஜிபி பேக் போட்டவர் சாதாரணத் தரத்தில் பார்த்தாலே 'ஆயிரத்தில் ஒருவ'னில் சோழர்களைத் தேடி முடிக்க இரண்டு நாள் ஆகும். உயர்தரம் என்றால் ஆறு நாள்.

மோசர் பேயரைக் கலைத்துவிடச் சொல்லித் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் 2018 செப்டம்பரில் உத்தரவிட்டது. அந்த விலைக்கு இனி தட்டு வராது. வீட்டில் ஒரே படம் உள்ள அசல் டிவிடி கிடந்தால் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். 'த்ரீ இன் ஒன்'னைத் தாராளமாகப் போடலாம்.